கலர் பட்டன்

டிஜிட்டல் கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். நான் தொட்டேன். தொட்டதோடு விட்டேனா? ஊருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். அந்தப் பெயரை வைத்த வாயைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் முப்பத்தாறு படம் ரோல் போடும் கேமரா ஒன்று இருந்தது. ஒரே பட்டன். பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்குத்தான் தீரும். கழுவி வாங்கிப் பார்த்தால் பாதிப் படங்களில் ஓரத்தில் என் விரல் இருக்கும். என் தங்கை அந்தப் படங்களையெல்லாம் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, மேலே ‘அண்ணாத்த விரல்கள்’ என்று எழுதி வைத்திருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு அதுதான் வேண்டும். என்னைவிட ஆறு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது.

2001இல் டிஜிட்டல் கேமரா வந்தது. அப்போது நான் கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன். வீடு செங்கல்பட்டில், ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில். அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கைக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தினமும் எலக்ட்ரிக் டிரெயின். என்னோடு வேலை பார்த்தவரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது சொல்லி வைத்து வாங்கினேன். கூடவே எட்டு எம்பி கார்டு ஒன்று. நல்ல தரத்தில் வைத்தால் எட்டுப் படம், மிஞ்சினால் ஒன்பது. அவ்வளவுதான் இடம்.

கூடவே ஒரு தடிப் புத்தகமும் வந்தது. அதை யாரும் படிக்க மாட்டார்கள். எனக்கு அப்படி விடப் பிடிக்காது. மிக்ஸி வாங்கினாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் சட்னி அரைக்க விடுவேன். அம்மா திட்டிக்கொண்டே நிற்பாள். ஆபீஸ் பஸ்ஸில் எல்லாரும் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் குறட்டை விடுவார்கள். நான் மடியில் புத்தகமும் கையில் கேமராவுமாக ஒவ்வொரு செட்டிங்காகத் தட்டிப் பார்ப்பேன்.

எத்தனை விஷயம் ஒளிந்திருந்தது அதில்! பூப் படம் போட்ட செட்டிங் வைத்தால் எறும்பின் மீசை வரை தெரியும். மின்னல் படத்தைக் கட்டாயமாகப் போட்டுவிட்டால் பட்டப்பகலிலும் ஃபிளாஷ் அடிக்கும், கூட இருப்பவர்கள், “வெயில் பத்தலியா உனக்கு?” என்று சிரிப்பார்கள். ஆனால் மரத்தடியில் நிற்பவர் முகத்தில் விழும் நிழல் அதனால்தான் கலையும். சூரியன், மேகம், குண்டு பல்பு, டியூப்லைட் என்று நான்கு படங்கள் இருக்கும்; எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்வதற்கு. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் வேடிக்கை. வெயிலில் நின்றுகொண்டு பல்பு என்று சொன்னால் உலகமே நீலமாகிவிடும். டியூப்லைட் என்று சொன்னால் ஒரு ரோஸ் நிறம் படரும். அப்புறம் சாவிப் படம். பிடித்த போட்டோவுக்குச் சாவி போட்டுவிட்டால் கை தவறி அழித்தாலும் அழியாது. இந்தச் சாவியை மறந்துவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் கிடைத்த ஆள் என் தங்கைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடியில் நிற்க வைத்துவிடுவேன். வெள்ளை பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு நில் என்பேன், நிற்பாள். ஜன்னலோரம் போ என்பேன், போவாள். “நீ கேமரா வாங்கினியா, என்னை வாங்கினியா?” என்று கேட்டுக்கொண்டே செய்வாள். எடுத்ததும் ஓடி வந்து அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையைப் பார்ப்பாள். எங்கள் இரண்டு தலையும் முட்டும். இப்போது நினைத்தால், அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் அவளோடு நான் நன்றாக இருந்த காலம்.

இனி அந்தக் கூட்டல் பட்டன். கேமராவுக்குக் கண் உண்டு, புத்தி கிடையாது. வெளிச்சம் அதிகமாகப் பார்த்தால் பயந்துபோய்க் குறைத்துவிடும். கடற்கரையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால், ஜன்னலுக்கு எதிரில் எடுத்த படங்களில் முகம் கரிச்சட்டியாக இருப்பது அதனால்தான். அங்கே ஒரு கூட்டல் போட்டால் முகம் முகமாக வரும். இது நியாயமான காரியம். ஆபீஸில் ஒரு பிரிவு உபசார விழாவில் ஜன்னலுக்கு எதிரே நின்ற அம்மாள் ஒருவரை அப்படி எடுத்துக் காட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல். “இன்னா தம்பி பட்டன் அது?” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “கலர் பட்டன்மா” என்றேன்.

நம் ஊரில் கலர் என்றால் ஒரே ஒரு கலர்தான். அடுத்த வாரத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். “அண்ணாத்த, அந்த கலர் பட்டனை அமுக்கி என் பொண்ணை ஒண்ணு எடேன்.” “மச்சான், தங்கச்சிக்கு வரன் பாக்கறோம், கலர் பட்டன் போட்டு எடுத்துக் குடு மச்சான்.” நானும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கூட்டலுக்கு மேல் இன்னொரு கூட்டல். முதல் கூட்டல் கேமராவின் தப்பைத் திருத்துகிறது, இரண்டாவது கூட்டல் பொய் சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்தவனாயிற்றே! ஆனால் நாலு பேர் தேடி வந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்துவிடுகிறது.

தங்கைக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை கல்யாணம் முடியாமல் எனக்குப் பெண் பார்க்க மாட்டார்கள் என்பதால் எனக்கும் அவசரம் இருந்தது. இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. புரோக்கர், “ஒரு நல்ல போட்டோ குடுங்கம்மா, சும்மா பளிச்சுன்னு இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறியே, உன் கூடப் பொறந்தவளைக் கொஞ்சம் கலரா எடேன்டா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரம் போனோம். அம்மா, தங்கை, நான். கோவில் பக்கம் டூரிஸ்ட் கூட்டம் என்பதால் சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் நின்றோம். அம்மா தங்கைக்குப் பூ வைத்து, பவுடர் போட்டு, புடவை மடிப்பைச் சரி செய்வதற்குள் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மணலில் ஒரு நண்டு வளைக்குள் போவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது. பூ செட்டிங்கில் வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு, மூன்று படம் எடுத்தேன். அதன் கண் இரண்டும் கடுகு மாதிரி தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றுக்கும் சாவி போட்டேன்.

பிறகு தங்கையை எடுத்தேன். முதல் படம் நேர்மையான படம். பின்னால் கடல், வெள்ளை வெயில். ஃபிளாஷைக் கட்டாயமாகப் போட்டு, ஒரே ஒரு சின்னக் கூட்டல் வைத்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் அம்மாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது, தங்கை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஓடி வந்து திரையைப் பார்த்தாள். வழக்கம்போல் தலை முட்டியது. “இது நான்தான்” என்றாள். “நான் எப்படி கீறேனோ அப்படியே கீது. இதையே குடுத்துடு அண்ணாத்த.”

செருப்பை மீட்டுக்கொண்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாடா இது, கருப்பா கீது? உன் பட்டன் இன்னாச்சு?”

“அம்மா, அவ கலரே அதான்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வித்தையைக் குறை சொல்லிவிட்டாளே என்றுதான் எனக்கு ரோஷம் வந்தது. கூட்டலை ஏற்றினேன், கடைசி வரைக்கும். வெளிச்சத்தை டியூப்லைட் என்று மாற்றினேன். கன்னத்துப் பருத் தழும்பு தெரியாமலிருக்கக் கூர்மையையும் குறைத்தேன். இத்தனையையும் ஒன்று சேர்த்தவன் இந்தச் செங்கல்பட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாலு படம் எடுத்தேன். முகம் ரோஸாக, பஞ்சு மாதிரி வந்தது. “இன்னும் ஒண்ணு எடுடா, பூ தெரியற மாதிரி” என்றாள் அம்மா. பட்டனை அமுக்கினால் கார்டு நிரம்பிவிட்டது என்றது கேமரா. ரோஸ் படங்களில் எதையும் இழக்க அம்மாவுக்கு மனமில்லை. முதல் படத்துக்குப் போனேன்.

தங்கை என் கையைப் பிடித்தாள். “அதை அழிக்காத. அந்த நண்டை அழி.”

“நண்டுக்கு சாவி போட்டிருக்கேன்” என்றேன்.

“சாவியை எடுத்துட்டு அழி. மூணு நண்டு எதுக்கு உனக்கு?”

“ஏய், நண்டு இன்னொரு தபா இப்படி கெடைக்குமா? நீ வூட்லதானே கீற. எப்ப வேணா எடுத்துக்கலாம்.”

அழித்தேன். அந்த இடத்தில் இன்னொரு ரோஸ் படம் எடுத்தேன்.

அதை ஃபிளாப்பியில் போட்டுத் தாம்பரத்தில் ஒரு போட்டோ லேபில் கொடுத்து, பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு வந்தேன். தங்கை கையில் வாங்கிப் பார்த்தாள். “யாரு இது?” என்றாள். அது கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். “நேர்ல வந்து பாக்கும்போது தெரிஞ்சிடப் போவுதே” என்றாள். “மொதல்ல வரட்டும். வந்தா உன் வாய்க்கே மயங்கிடுவாங்க” என்றேன். அம்மா, “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “ஆயிரம்னா ஆயிரமும் ஒரே மூஞ்சியிலயா?” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

மதுராந்தகத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையனுக்கு அரசாங்க வேலை. போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன், அவன் அப்பா, அம்மா, அத்தை என்று வந்து உட்கார்ந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் வைத்தாயிற்று. தங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்தார். ஒரு தரம் போட்டோவைப் பார்த்தார், ஒரு தரம் அவளைப் பார்த்தார். குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

“இது பெரிய பொண்ணுங்களா? போட்டோல இருக்கற பொண்ணை வரச் சொல்லுங்களேன்.”

தங்கை தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். “அந்தப் பொண்ணு கேமராவுலதாங்க கீறா. எங்க அண்ணன்தான் வச்சிருக்காரு, கேளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை. போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்காவது நான் மனிதனாக நடந்திருக்கலாம். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். “வாய்க் கொழுப்பு உனக்கு! கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா நான் ஏதாவது சொல்லி சமாளிச்சிருப்பேன். எல்லாத்தையும் கெடுத்துட்ட” என்று தெரு கேட்கக் கத்தினேன். அவள் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவங்க இன்னைக்கிதான் என்னை வேணாம்னாங்க” என்றாள். “நீ அன்னைக்கே சொல்லிட்ட, பீச்சுல.”



அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலாம். எப்போதும்போல் பேசினாள், சோறு போட்டாள், கிண்டல்கூடச் செய்தாள். நான் கேமராவைத் தூக்கினால் மட்டும் உள்ளங்கை முகத்துக்கு முன்னால் வந்துவிடும். ஒரு தடவை விடாப்பிடியாக, “ஒரு பட்டனும் தொடலை, சத்தியமா, சும்மா எடுக்கறேன்” என்று கெஞ்சினேன். “ஏன், நண்டு கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

2003இல் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. புரோக்கருக்கு வேலை வைக்கவில்லை. மாப்பிள்ளை போட்டோ கேட்கவே இல்லை. தாம்பரம் டிரெயினில் தினமும் அவளை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். கல்யாணத்துக்கு முந்தின நாள் தங்கை என்னிடம் வந்து, “அண்ணாத்த, நாளைக்கி கேமரா எடுத்துகினு வராத. வெறுங்கையோட வா” என்றாள். சரி என்றேன். முகூர்த்த நேரத்தில் வாடகைக்கு வந்த போட்டோகிராபர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவளை நிற்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். முகம் இருட்டாக விழும் என்று எனக்குத் தெரியும். ஒரு கூட்டல் போடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? தாம்பூலப் பைகளை அடுக்கப் போய்விட்டேன்.

அழித்த படத்தை மீட்கலாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதற்கென்று கம்ப்யூட்டரில் ஏதோ இருக்கிறதாம். ஆனால் அந்த இடத்தில் புதிதாக எதையும் எடுத்திருக்கக் கூடாதாம். நான் ஒரு நிமிடம்கூட ஆற விடவில்லை. அவள்மேல் அவளையே எடுத்துவிட்டேன். தெரிந்தும் அந்தக் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அம்மா ஒன்று செய்தாள். அந்த ரோஸ் படத்துக்குச் சட்டம் போட்டு டிவிமேல் வைத்துவிட்டாள். செலவு செய்த படமாம், நன்றாகத்தான் இருக்கிறதாம். எடுக்கச் சொல்லி நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டேன். தங்கை, “இருந்துட்டுப் போவுது வுடு, யாரோ ஒரு பொண்ணு” என்றாள்.

2009இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் மாமல்லபுரம் போயிருந்தோம். தங்கையின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தாயை உரித்து வைத்திருப்பாள்: அதே நெற்றி, அதே வாய், அதே நிறம். மாப்பிள்ளை வறுத்த மீன் வாங்கப் போயிருந்தார். அப்போது என்னிடம் வேறு கேமரா இருந்தது, ஆயிரம் படம் கொள்ளும். குழந்தை மணலில் போய் நேராக நின்றுகொண்டு கவுனை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மாமா, எனக்கும் அந்த கலர் பட்டனை அமுக்கி எடு. டிவிமேல அம்மாவுக்கு எடுத்தியே, அந்த மாதிரி.”

கேமராவை இறக்கினேன். அந்தச் சொல் எப்படி இவள் வாய்க்கு வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் வைத்த பெயர்.

“உனக்கு எதுக்குடா அது?” என்றேன்.

“அம்மா மொதல்ல கலரா இருந்தாங்க இல்ல? நான் பொறந்தப்பறம்தான் கருத்துட்டாங்க.” யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. டிவிமேல் இருக்கும் படத்தையும் எதிரில் இருக்கும் அம்மாவையும் பார்த்து, தானாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எட்டு வருடமாகத் தங்கையிடம் சொல்ல வராதது அந்தக் குழந்தையிடம்தான் வந்தது. “இல்லைம்மா. உங்கம்மா எப்பவுமே இந்தக் கலர்தான். ரொம்ப அழகு. மாமாதான் கெட்ட புத்தியில பட்டனை அமுக்கி மாத்திட்டேன். டிவிமேல இருக்கறது பொய் போட்டோ.”

“அப்ப நெஜ போட்டோ எங்க?”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“கார்டுல எடம் இல்லம்மா.”

தங்கை சற்றுத் தள்ளி உட்கார்ந்து, குழந்தையின் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை. “எடம் இருந்துச்சு” என்றாள். “நண்டுக்கு சாவி போட்டிருந்தாரு உங்க மாமா.”

குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். “அந்த நண்டு போட்டோ இப்பவும் கீதா மாமா?”

இருக்கிறது. மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.